நான் பூசாத துரு

ஊரில் பெயின்டர் என்றால் பழசைப் புதுசாக்குகிறவன். சினிமாவில் பெயின்டர் என்றால் நல்லா இருக்கிறதை நாசமாய்ப் போன மாதிரி ஆக்கிக் கொடுக்கிறவன்.

ஆர்ட் டிபார்ட்மென்ட்டில் இதற்கு ‘ஏஜிங்’ என்று பெயர். நேற்று கடையில் வாங்கிய வாளி இன்று முப்பது வருஷம் கிணற்றடியில் கிடந்த வாளியாகத் தெரிய வேண்டும். இந்த வேலைக்கு நான் வந்தது அறுபது வயதுக்கு மேல். அதற்கு முன்னால் முப்பது வருஷம் தூத்துக்குடி துறைமுகத்தில் கப்பல்களுக்குத் துரு சுரண்டினேன். ஒரு கப்பலில் நான் வெளியிலிருந்து சுரண்டச் சுரண்ட, தகடு தேய்ந்து, உள்ளே இருந்து பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த வெளிநாட்டுக்காரனுக்கு ஓட்டை வழியாகக் கை கொடுத்திருக்கிறேன். நம்பாதவர்கள் அந்த வெளிநாட்டுக்காரனைக் கேட்டுக்கொள்ளலாம்.

வெயிலில் பசை வாளியைச் சுமந்து, பிரஷ்ஷைப் பிடித்து, படம் வந்ததும் ஆசையாய்த் தியேட்டருக்குப் போய், பெயர் போடுகிற நேரத்தில் எழுந்து போகிற ஜனங்களின் முதுகை மட்டும் பார்த்துவிட்டு வீடு திரும்பிய என் சக பாவிகளே, இது உங்களுக்காக எழுதுவது. மற்றவர்கள் சும்மா சிரித்துவிட்டுப் போகட்டும்.

கரையானுக்கு மருந்து

டி.வி. சீரியல் ஒன்றுக்காகச் சாயர்புரத்தில் வீடு பிடித்திருந்தார்கள். கதைப்படி அது பாழடைந்த வீடு. நிஜத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. அதனால் வாசல் கதவைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, அதே அளவில் பிளைவுட் கதவு ஒன்று செய்து மாட்டி, அதைக் கரையான் அரித்த மாதிரி ஆக்கச் சொன்னார்கள். செம்மண்ணைப் பசையில் குழைத்து, மரத்தூள் தூவி, கதவின் அடியிலிருந்து தாழ்ப்பாள் வரைக்கும் கரையான் ஏறிப்போன பாதையை விரலால் இழுத்துவிட்டேன். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் அந்தப் பாதை தாழ்ப்பாளைத் தாண்டி ஒரு சாண் மேலே போயிருந்தது. சத்தியம் செய்யவும் நான் தயார். இந்த மாதிரி விஷயத்துக்கெல்லாம் சத்தியம் செய்யக் கூடாது என்று வீட்டில் சொல்லியிருப்பதால் செய்யவில்லை.

மகள் வீட்டுக்குப் போயிருந்த வாத்தியார் திரும்பி வந்தார். கதவைப் பார்த்தார். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே போய்ப் பூச்சி மருந்து அடிக்கிற ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்த ஆள் முதுகில் டேங்க்கைக் கட்டிக்கொண்டு மூன்று முறை அடித்தார். கரையான் சாகவும் இல்லை, ஓடவும் இல்லை. நாற்றம் தாங்காமல் கதாநாயகியும் மாமியாரும் வேப்பமரத்தடியில் ஆளுக்கொரு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒற்றுமையாக உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சீரியல் முடியும்வரை அவர்கள் ஒற்றுமையாக இருந்தது அன்றைக்கு மட்டும்தான். மருந்தடித்தவர் கதவருகே குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“இருவது வருசமா மருந்தடிக்கேன் சார். இம்புட்டுச் சொரண கெட்ட கரையான நான் பாத்ததே இல்ல.”

ஒரு வாளி சோப்புத் தண்ணி

இந்தக் கரையான் புகழ் எப்படியோ சென்னை வரைக்கும் போய், ஒரு சினிமாக் கம்பெனி என்னைத் தேடி என் ஊர் முத்தையாபுரத்துக்கே வந்தது. கடல் படம். முப்பது வருஷமாக யாரும் தொடாத விசைப்படகு ஒன்று வேண்டும். ஆனால் நிஜமாகவே முப்பது வருஷப் படகில் கதாநாயகனை ஏற்றினால் படம் முடிவதற்குள் கதாநாயகன் முடிந்துவிடுவார். ஆகவே நல்ல படகாகப் பிடித்துப் பழசாக்க வேண்டும். மீன்பிடித் தடைக்காலம், எல்லாப் படகும், எங்கள் ஊர்ப் பேச்சில் போட்டு, கரையில் சும்மாதான் நிற்கிறது. என் மச்சினன் மகள் ஜெசிந்தாவிடம் போனேன்.

ஜெசிந்தாவின் புருஷன் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. போட்டை வித்துட்டு இருக்கிற இடத்தில் இரு என்று சொந்தக்காரர் எல்லாரும் சொன்னோம், நானும்தான் சொன்னேன். அவள் விற்கவில்லை. தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, புருஷனோடு கடலுக்குப் போன அதே டிரைவர் சூசையையும் ஏழு ஆட்களையும் வைத்துக்கொண்டாள். தடைக்காலம் முடிவதற்கு முன்னால் அதிகாரிகள் வந்து ஒவ்வொரு போட்டையும் பார்ப்பார்கள். தேறினால்தான் கடலுக்குப் போக டோக்கன். அவள் பெயரில் போட்டு வந்த பிறகு இதுதான் முதல் ஆய்வு. தேறாவிட்டால் முதல் நாளே சூசையும் ஆட்களும் வேறு போட்டுக்குப் போய்விடுவார்கள். போனவர்கள் அந்த சீசனில் திரும்பி வரமாட்டார்கள். இதெல்லாம் தெரிந்துதான் கேட்டேன். பூசுகிறது எல்லாம் காவியும் தேயிலைச் சாயமும்தான், ஒரு வாளி சோப்புத் தண்ணி ஊத்தினால் மூணு வருஷத்துப் போட்டு மறுபடி மூணு வருஷத்துப் போட்டாகவே வந்து நிற்கும் என்று சொன்னேன். அப்போது அது உண்மையும்கூட. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“மாமா, நீங்க சொல்லுததுல பாதிய நம்பக் கூடாதுன்னு எங்கப்பா சொல்லிட்டுத்தான் செத்தாவ. எந்தப் பாதின்னு மட்டும் சொல்லாமப் போயிட்டாவ.”

ஒரு பக்கம் மட்டும் வயசு

ஐந்து நாள் வேலை. காவிப் பொடி, கருப்புப் பொடி, கொதிக்க வைத்த தேயிலைத் தண்ணீர், பசை, மரத்தூள். பசையை அடியில் பூசி, அது காய்வதற்குள் மேலே பெயின்டை அடித்தால் பெயின்ட் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பதற்குச் சென்னையில் மிஷின் வைத்துச் சூடு காட்டுவார்களாம். நம்ம ஊர் வெயிலுக்கு நான் பிரஷ்ஷை எடுப்பதற்கு முன்னாலேயே வெடித்துவிட்டது. ஐந்தாம் நாள் சாயங்காலம் போட்டு நின்ற நிலையைப் பார்த்து இரண்டு கடற்காக்கைகள் மேலே உட்காரப் பயந்து பக்கத்துப் போட்டில் போய் உட்கார்ந்தன.

மறுநாள் அனுமதி வாங்கி, கரையை ஒட்டி நங்கூரம் போட்டு, கேமரா ஓடியது. மேற்கேயிருந்து கச்சான் காற்று அடிக்கிற பருவம். ஒரு அலை எழும்பி இடது பக்கத்தில் விழுந்தது. இரண்டாவது டேக் முடிவதற்குள் கடலில் தேயிலை கலந்து ஓடியது. மூன்றாவது டேக்கில் இடது பக்கம் ஜெசிந்தா கொடுத்தபடியே பளபளவென்று நின்றது. ஆர்ட் டைரக்டர் தம்பி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். கேமராமேன் கண்ணைக் கேமராவிலிருந்து எடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“பெரியவரே, உங்க படகுக்கு ஒரு பக்கம் மட்டும்தான் வயசாகுது.”

வார்னிஷ்

அந்தப் பேச்சு எனக்குத் தைத்துவிட்டது. முப்பது வருஷம் கடலில் எது நிற்கும், எது நிற்காது என்று பார்த்தவனிடமா இப்படிப் பேசுவது? கப்பலுக்கு அடிக்கிற வார்னிஷ் வாங்கி வந்தேன். காவியை அதில் குழைத்தேன். நாற்பத்து மூன்று இடத்தில் துரு வைத்தேன். கச்சான் என்ன, புயலே வந்தாலும் போகாது. அது எனக்குத் தெரியும். ஒரு வாளி சோப்புத் தண்ணிக்கும் போகாது என்பதும் தெரியும். ஆர்ட் டைரக்டர் தம்பியிடம் சொன்னேன், அவர் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஜெசிந்தாவிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன்.

நான் பூசுவதைச் சூசை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். டப்பாவை எடுத்து முகர்ந்து பார்த்தான். இருந்த இடத்திலேயே வைத்தான்.

“அண்ணாச்சி, ஒரு வாளித் தண்ணின்னு சொன்னீய. எந்த ஊரு வாளின்னு சொல்லலியே.”

மீன்பிடிக்கிறவன் முகம்

இதே சூசையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். படத்தில் போட்டை ஓட்டுகிறவனாக ஒரு ஆள் வேண்டும், பேச்சு எதுவும் கிடையாது, சுக்கானைப் பிடித்து நின்றால் போதும் என்றார்கள். சூசையே நிற்கட்டும் என்று சொன்னேன். காலையில் சூசை வந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றி மேலே படிய வாரிய தலை, கையில் வாட்ச், பவுடர். படம் பிடிக்கப் போகிறார்கள் என்றால் நாம் எல்லாரும் அப்படித்தானே போவோம்?

உதவி இயக்குநர் ஒருவர் சூசையைச் சுற்றி வந்து, மீனவர் மாதிரியே இல்லையே என்று உதட்டைப் பிதுக்கினார். என்னிடம் ஒப்படைத்தார்கள். சட்டையைத் தேயிலையில் ஊற வைத்து, கல்லில் தேய்த்து, தோள்பட்டையில் பிளேடால் கீறி, முகத்தில் கிளிசரின் பூசிக் கரியைத் தடவினேன். கண்ணாடியைக் காட்டினேன். சூசை தன்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“முப்பத்தாறு வருசமா கடலுக்குப் போறேன் அண்ணாச்சி. இந்தக் கோலத்துல ஒரு நாள் போயிருந்தாலும் எம்பொண்டாட்டி கதவத் தொறந்திருக்க மாட்டா.”

நாற்பத்து நாலாவது

கன்டினியூட்டி பார்க்கிற பெண் மதுமிதா. நேற்று எடுத்த ஷாட்டில் கதாநாயகனுடைய இரண்டாவது பட்டன் திறந்திருந்தால் இன்றைக்கும் அதே பட்டன்தான் திறந்திருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வதுதான் அந்தப் பிள்ளையின் வேலை. நான் பிரஷ்ஷைத் தொடுவதற்கு முன்னால் போட்டை நாலு பக்கமும் போட்டோ எடுத்தாள். வார்னிஷ் வேலை முடிந்த அன்றைக்கு மறுபடியும் எடுத்து, என் துரு ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டாள். துரு ஒன்று, துரு இரண்டு என்று நாற்பத்து மூன்று வரைக்கும். பள்ளிக்கூடத்தில்கூட என் பெயரை யாரும் அவ்வளவு ஒழுங்காகப் பதிந்தது இல்லை.

மூன்றாவது வாரம் போட்டின் பின்பக்கத்தில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டாள். சுக்கானைத் தாங்குகிற இரும்புப் பட்டையில் ஒரு போல்ட். அந்தப் போல்ட்டுக்குக் கீழே செம்பழுப்பில் ஒரு ஒழுக்கு, அழுத கண் மாதிரி இறங்கியிருந்தது. “ஐயா, இது முதல் நாள் இல்லையே? எப்ப பூசினீங்க? முன்னாடி எடுத்த ஷாட்டோட சேராம ஜம்ப் ஆகும், துடைச்சிடுங்க,” என்றாள். எனக்கு அதைப் பூசிய ஞாபகம் இல்லை. ஆனால் எழுபது வயதில் காலையில் மாத்திரை போட்டேனா என்பதே ஞாபகம் இருப்பதில்லை. அந்த நேரம் பார்த்து ஆர்ட் டைரக்டர் தம்பி வந்தார். ஒழுக்கைப் பார்த்தார். டைரக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். இதற்கு ஒரு க்ளோசப் வைக்கலாம் என்றார் டைரக்டர். மதுமிதா சொன்ன ஜம்ப் யார் காதிலும் ஏறவில்லை. நானும் என்ன செய்தேன் தெரியுமா? நெஞ்சில் கை வைத்து, கண்ணை மூடி, லேசாகக் குனிந்தேன். ஆர்ட் டைரக்டர் தம்பி என் தோளைத் தட்டினார்.

“அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. மத்த நாப்பத்து மூணும் பெயின்ட் மாதிரி இருக்கு. இது ஒண்ணுதான் துரு.”

வாளி வந்தது

காற்று, மழை, கதாநாயகனுக்குக் காய்ச்சல் என்று இழுத்து இழுத்து, ஆய்வுக்கு முந்தின நாள் மத்தியானம்தான் படப்பிடிப்பு முடிந்தது. யூனிட் ஆட்கள் லாட்ஜில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜெசிந்தா மீன்பிடித் துறைமுகத்துக்கு வந்தாள். கையில் வாளி, சோப்புத் தூள், நாலு தேங்காய் நார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போட்டின் பக்கவாட்டில் ஊத்தித் தேய்த்தாள். துரு ஒன்று அசையவில்லை. துரு இரண்டு அசையவில்லை. நார்தான் கரைந்தது. கழுவக் கழுவ என் வேலை இன்னும் பளிச்சென்று எடுத்துக் காட்டியது. வேறு நாளாக இருந்தால் பெருமைப்பட்டிருப்பேன்.

சுற்றிலும் மற்ற போட்டுகள் புதுப் பெயின்டில் கல்யாண வீடு மாதிரி நின்றன. நடுவில் எங்கள் போட்டு மட்டும் கடலுக்கடியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தது மாதிரி. வார்னிஷ் விஷயத்தை அப்போதுதான் சொன்னேன். கத்துவாள் என்று பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“நாளைக்குத் தேறலன்னா சூசையண்ணனயும் சேத்து எட்டு வீட்டுக்குப் பதில் சொல்லணும் மாமா. நான் சொல்லட்டா, நீங்க சொல்லுதீயளா?”

உண்மை சொன்ன நாள்

ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒரு அம்மா. நடுத்தர வயசு, கண்ணாடி, கையில் அட்டை, காலில் கேன்வாஸ் ஷூ. ஒவ்வொரு போட்டாக ஏறி இறங்கி வந்தவர் எங்கள் போட்டுக்கு முன்னால் வந்ததும் ஏறவில்லை. “இதை உடைக்கிறதுக்கா நிறுத்தியிருக்கீங்க?” என்று கேட்டார். ஜெசிந்தா பதிவுச் சான்றை நீட்டினாள். மூணு வருஷம் என்று அதில் இருந்தது. அந்த அம்மா சான்றைப் பார்த்தார், போட்டைப் பார்த்தார், சான்றை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

நான் முன்னால் போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சங்கதியைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அம்மா, இது துரு இல்லை, நான் பூசியது, சினிமாவுக்குப் பூசியது, உள்ளே போட்டு கல்லு மாதிரி இருக்கிறது என்றேன். சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அதிகாரியம்மாவும் சிரிப்பை அடக்கிக்கொண்டார். உண்மைக்கு இப்படி ஒரு மரியாதை இருக்கும் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கும் பொய்யே சொல்லியிருப்பேன். பக்கத்துப் போட்டிலிருந்து ஒருத்தன் எட்டிப் பார்த்து உதவி செய்தான்.

“மேடம், அண்ணாச்சி சொல்லுதத நம்பாதீய. போன வருசம் திமிங்கலத்துக்கே பெயின்ட் அடிச்சேன்னு சொன்ன ஆளு இவுக.”

போட்டோவில் இல்லாதது

மதுமிதாவுக்கு போன் போட்டேன். பஸ் ஏறப் போனவள் ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தாள். மடிக்கணினியை ஐஸ் பெட்டி மேல் வைத்துத் திறந்தாள். திரையில் இந்தப் பக்கம் நான் தொடுவதற்கு முந்தின போட்டு. அந்தப் பக்கம் தொட்ட பிறகு. துரு ஒன்று முதல் வரிசையாக. அதிகாரியம்மா முகம் மாறியது. ஒவ்வொரு நம்பராகப் போட்டில் தேடிப் பிடித்து, சின்னச் சுத்தியலால் தட்டி, சாவியால் கீறிப் பார்த்தார். கீறிய இடத்தில் காவி உரிந்து அடியில் நல்ல பெயின்ட் சிரித்தது. பத்து, இருபது, முப்பது. கூட்டம் சேர்ந்து நம்பரைச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டது. நாற்பத்து மூன்றுக்குக் கைதட்டினார்கள். ஜெசிந்தா முதல் தடவையாக மூச்சு விட்டாள். அப்போது அந்த அம்மா பின்பக்கம் நின்று, “இது எந்த நம்பர்?” என்றார். மதுமிதா தேடினாள். “இது லிஸ்ட்ல இல்ல மேடம். பிறகு ஐயா பூசினது,” என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். போட்டு தேறிவிடும். ஜெசிந்தாவின் கண்ணும் அதைத்தான் கேட்டது. ஆயுசு முழுக்க யாரும் கேட்காமலே பொய்யை அள்ளி விட்டவனிடம், மற்றவர்களே ஒரு பொய்யைக் கேட்டு நின்ற நேரம். நான் நகத்தால் அந்த ஒழுக்கைச் சுரண்டி நாக்கில் வைத்தேன். முப்பது வருஷம் என் வாய்க்குள் பறந்த ருசி. வார்னிஷ் இல்லை, காவி இல்லை. “அம்மா, இது நான் பூசினது இல்ல. இது நெசத் துரு,” என்றேன். ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டாள்.

சூசை ஸ்பேனர் எடுத்துவந்து அந்தப் போல்ட்டில் மாட்டினான். திருகக்கூட இல்லை, தொட்டான். போல்ட்டின் தலை கழன்று அவன் உள்ளங்கையில் விழுந்தது. உள்ளே பாக்குத் தூள் மாதிரி செந்தூள். அதற்கு மேலே இருந்த போல்ட்டும் அசைந்தது. கச்சான் அடிக்கிற கடலில் சுக்கான் கழன்று போனால் என்ன ஆகும் என்று அங்கே நின்ற யாருக்கும் யாரும் சொல்ல வேண்டியதில்லை. சூசை உள்ளங்கையை மூடினான், திறந்தான், மறுபடி மூடினான். அதிகாரியம்மா அட்டையில் எழுதிக்கொண்டே பேசினார்.

“பட்டையையும் போல்ட்டையும் மாத்துங்க, மூணாம் நாள் நானே வந்து பாக்கறேன். ஐயா, உங்க துரு நாப்பத்து மூணும் பாஸ். உங்களது இல்லாதது ஒண்ணுதான் ஃபெயில்.”

சிப்பிங் சுத்தியல்

மூன்றாம் நாள் சொன்னபடியே வந்தார், பார்த்தார், கையெழுத்துப் போட்டார். தடைக்காலம் முடிய மிச்சம் இருந்த நாட்களில் பரணில் கிடந்த, கப்பலில் துரு கொத்துகிற என் பழைய சிப்பிங் சுத்தியலை எடுத்துக்கொண்டு போய், என் கையால் பூசிய துருவை என் கையாலேயே சுரண்டினேன். அவ்வளவு உறுதியாக ஏன் பூசினேன் என்று ஒவ்வொரு அடிக்கும் என்னையே ஏசிக்கொண்டு சுரண்டினேன். பக்கத்துப் போட்டுக்காரன் தினமும் வந்து திமிங்கலத்தை விசாரித்துவிட்டுப் போனான். வலது பக்கம்தான் முடிந்தது. இடது பக்கத்துக்கு நாளும் இல்லை, எனக்குத் தோளும் இல்லை.

முதல் நாள் விடியற்காலை போட்டுகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டன. மாலை, ஊதுவத்தி, மாதா படம். எங்கள் போட்டு வலது பக்கம் மாப்பிள்ளை மாதிரியும் இடது பக்கம் கிழவன் மாதிரியும் போனது. சூசை இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் சுக்கானைப் பிடித்து நின்றான். எட்டுப் பேரில் ஒருத்தன்கூட வேறு போட்டுக்குப் போகவில்லை. இடது பக்கத்துக்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று ஜெசிந்தாவின் பக்கத்தில் போய் நின்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. போட்டு துறைமுக வாசல் கல்லுத் தூணைத் தாண்டித் திரும்புகிற வரைக்கும் சுக்கானையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேராகத் திரும்பியது.

“மூஞ்சி எப்படி இருந்தா என்ன மாமா. திரும்பச் சொன்ன எடத்துல திரும்புதுல்லா.”

இடைவேளைக்கு அப்புறம்

ஏழெட்டு மாதம் கழித்துப் படம் வந்தது. ஜெசிந்தா, சூசை, ஆட்கள், அவர்கள் வீட்டில் உள்ளவர்கள் என்று ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்தோம். இடைவேளை வரைக்கும் போட்டு வரவே இல்லை. வந்தபோது மழை. அப்புறம் புகை மூட்டம். அப்புறம் ஒரே இருட்டு. என் நாற்பத்து மூன்றில் ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. மழைக்குள் ஒரு பிளாஸ்டிக் போட்டை நிறுத்தியிருந்தாலும் அப்படித்தான் இருந்திருக்கும். நான் இருட்டில் மெல்ல நாற்காலிக்குள் இறங்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று திரை முழுக்க ஒரு க்ளோசப். போல்ட். அதற்குக் கீழே செம்பழுப்பில் ஒழுக்கு. வயலின் சத்தம் வேறு. எண்ணிப் பார்த்தேன், ஆறு எண்ணுகிற வரைக்கும் நின்றது. பின்வரிசையில் ஒருவர், “என்னமா பண்ணியிருக்கான்யா,” என்று பக்கத்து ஆளிடம் சொன்னார். எனக்குக் கை தன்னால் நெஞ்சுக்குப் போனது. ஜெசிந்தா தியேட்டருக்கே கேட்கும்படி சிரித்தாள்.

“குனியாதீய மாமா, அது ஒங்களது இல்ல!”

முப்பது வருஷம் துருவைச் சுரண்டி, பத்து வருஷம் துருவைப் பூசி, கடைசியில் எட்டுப் பேரைக் கரை சேர்த்ததும் எனக்குப் பேர் வாங்கித் தந்ததும் நான் கையே வைக்காத ஒரு ஒழுக்குதான் என்பதை இந்தத் தொழிலில் உள்ள யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், ஆனால் நான் சொன்னால் நம்பமாட்டார்கள்.